ஒரு மணிக்கு ஏன் அறுபது நிமிடம்?



நாம் நீளத்தை மீட்டரில் அளக்கிறோம். எடையைக் கிலோகிராமில் நிறுக்கிறோம். ஒரு வெள்ளிக்கு நூறு காசு என்று எண்ணுகிறோம். இவை எல்லாம் பத்துப் பத்தாகப் பெருகுகின்றன; பத்துப் பத்தாகக் குறைகின்றன. மலேசியாவும் சிங்கப்பூரும் 1970களில் அடி, இராத்தல், அவுன்ஸ் ஆகியவற்றைக் கைவிட்டு மீட்டர் முறைக்கு மாறத் தொடங்கியபோது, கணக்கு எளிதாகும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால், காலத்தை மட்டும் நாம் அப்படி அளப்பதில்லை. ஒரு நாளுக்கு 24 மணி. ஒரு மணிக்கு 60 நிமிடம். ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. பள்ளிப் பிள்ளை ஒருவன், “ஏன் நூறு நிமிடம் இல்லை?” என்று கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்?

நூறாக்கிப் பார்க்க முயன்றவர்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793ஆம் ஆண்டில், ஒரு நாளுக்குப் பத்து மணி, ஒரு மணிக்கு நூறு நிமிடம், ஒரு நிமிடத்துக்கு நூறு விநாடி என்று சட்டம் செய்தார்கள். அதற்கென்று புதிய கடிகாரங்களும் செய்யப்பட்டன. ஆயினும் 1795இலேயே அந்தச் சட்டத்தை நிறுத்தி வைக்க நேர்ந்தது. அதே பிரான்சில் பிறந்த மீட்டரும் கிலோகிராமும் உலகை வென்றன. பத்து மணி நாள் மட்டும் தோற்றுப் போயிற்று. அறுபது என்னும் எண்ணுக்கு அவ்வளவு ஆழமான வேர் இருக்கிறது. அந்த வேர் எங்கே இருக்கிறது, அது எப்படி நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கம் வரை வந்து சேர்ந்தது என்பதை இன்று காண்போம்.

களிமண்ணில் எழுதிய கணக்கு

இன்றைய ஈராக் நாட்டில் தைகிரீஸ், யூப்ரடீஸ் என்னும் இரண்டு ஆறுகள் பாய்கின்றன. அவற்றின் நடுவே உள்ள சமவெளியில், ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, சுமேரியர் என்ற மக்கள் பெரிய நகரங்களை அமைத்து வாழ்ந்தனர். அங்கே கல்லும் மரமும் அரிது, களிமண் தாராளம். ஆகவே ஈரக் களிமண் பலகையில் நாணற்குச்சியால் அழுத்தி எழுதினார்கள். குச்சியின் முனை பதிந்த இடம் ஆப்பு வடிவில் இருந்ததால் அதனை ஆப்பெழுத்து என்கிறோம்.

அவர்கள் முதன்முதலில் எழுதியது கவிதை அன்று, கணக்கு. ஊருக் நகரில் கிடைத்த, கி.மு. 3200ஐ ஒட்டிய பலகைகளுள் பெரும்பாலானவை பார்லி இத்தனை, ஆடு இத்தனை, வேலையாட்களுக்குக் கொடுத்த கூலி இத்தனை என்று பதிந்த ஏடுகளே. தொடக்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு விதமான எண்முறை இருந்தது. தானியத்தை அளக்க ஒன்று, ஆட்களை எண்ண ஒன்று, நிலத்தை அளக்க வேறொன்று. நம் முன்னோரும் நெல்லுக்கு மரக்காலும் கலமும், பொன்னுக்குக் குன்றிமணியும் கழஞ்சும் என்று வைத்திருந்ததை எண்ணிப் பார்த்தால் இது வியப்பாகத் தோன்றாது.

நாளடைவில் இந்தப் பல முறைகளுக்கும் பொதுவான ஒரு கணக்கு தேவைப்பட்டது. ஏறத்தாழ கி.மு. 2000 அளவில், எழுத்தர்கள் ஒரு புதிய முறையைக் கையாளத் தொடங்கினர். அந்த முறைக்கு இரண்டே குறிகள். நிமிர்ந்த ஆப்பு ஒன்றைக் குறிக்கும். மூலை வடிவ ஆப்பு பத்தைக் குறிக்கும். இவ்விரண்டையும் கொண்டு 59 வரை எழுதுவார்கள். அறுபது வந்தவுடன் மீண்டும் நிமிர்ந்த ஆப்பையே எழுதுவார்கள். ஆனால் அதை இடப்பக்கம் ஓரிடம் தள்ளி எழுதுவார்கள். நாம் 11 என்று எழுதும்போது இடப்பக்கத்து ஒன்று பத்தைக் குறிக்கிறது அல்லவா? அவர்களுக்கு அது அறுபதைக் குறித்தது. நாம் 75 என்று எழுதுவதை அவர்கள் ஒன்றும் பதினைந்துமாக எழுதினார்கள். அதாவது, ஓர் அறுபதும் பதினைந்தும். ஒரு மணி பதினைந்து நிமிடத்தை 75 நிமிடம் என்று நாம் மாற்றும்போது, அந்தப் பாபிலோனிய எழுத்தர் செய்த அதே கணக்கைத்தான் செய்கிறோம்.

ஏன் அறுபது? இதைப்பற்றிப் பழங்காலம் தொட்டே பலரும் சிந்தித்திருக்கிறார்கள். கி.பி. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தியோன் என்னும் அறிஞர், மீதியின்றி வகுக்க வசதியான எண் அது என்பதே காரணம் என்றார். பத்தை 2, 5 ஆகிய எண்களால் மட்டுமே கூறுபோடலாம். அறுபதையோ 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 ஆகிய எண்களால் மீதியின்றிப் பங்கிடலாம். ஒரு வெள்ளியை மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்துப் பாருங்கள். 33 காசு வீதம் கொடுத்தபின் ஒரு காசு மிஞ்சும். ஒரு மணி நேரத்தை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20 நிமிடம், மிச்சம் இல்லை. கூலியையும் தானியத்தையும் நாள்தோறும் பங்கிட்ட எழுத்தருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

நிறுத்தல் அளவையிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அவர்களுடைய எடை அளவில் 60 சேக்கல் ஒரு மினா. 60 மினா ஒரு தாலந்து. ஒரு கையின் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுப் பன்னிரண்டு வரை எண்ணி, மறு கையின் ஐந்து விரல்களால் பெருக்கினால் அறுபது வரும் என்ற விளக்கமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. விரற்கணுவைத் தொட்டு எண்ணும் பழக்கம் நம் பாட்டிமாருக்கும் உண்டு. கேட்க அழகான விளக்கந்தான். ஆனால் அதை மெய்ப்பிக்கும் களிமண் பலகை எதுவும் இல்லை.

இந்த முறை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளங்கை அளவுள்ள ஒரு பாபிலோனியப் பலகை இருக்கிறது. வயது ஏறத்தாழ 3,700 ஆண்டுகள். அதில் ஒரு சதுரமும் அதன் மூலைவிட்டமும் வரையப்பட்டு, இரண்டின் வர்க்கமூலம் 1, 24, 51, 10 என்று அறுபதின் அடிப்படையில் எழுதப்பட்டிருக்கிறது. இதை நம் கணக்கில் மாற்றினால் ஐந்து தசம இடங்கள் வரை சரியாக இருக்கிறது!

ஒரு குறை மட்டும் இருந்தது. வெற்றிடத்தைக் காட்ட அவர்களிடம் குறி இல்லை. ஓர் ஆப்பு ஒன்றாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம், 3,600 ஆகவும் இருக்கலாம். இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டியதுதான். கி.மு. 300க்குப் பிந்திய பலகைகளில் எண்ணின் நடுவே வெற்றிடம் காட்ட இரண்டு சாய்ந்த ஆப்புகளைப் பயன்படுத்தினர். ஆனால் அதைத் தனியே நிற்கும் ஓர் எண்ணாக அவர்கள் கருதவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் யார் என்பதைப் பின்னர் காண்போம்.

வானமே கடிகாரம்

கடைக் கணக்கில் பிறந்த அறுபது, வானத்துக்கு எப்படி ஏறிற்று? பாபிலோனியர் மேலை வானில் இளம்பிறை தோன்றும் மாலைப்பொழுதில் மாதத்தைத் தொடங்கினார்கள். இன்று நம் முஸ்லிம் சகோதரர்கள் நோன்பு மாதத்துக்குப் பிறை பார்ப்பதும் இதே வகையைச் சேர்ந்த ஏற்பாடே. பிறை மாதம் 29 நாளாகவோ 30 நாளாகவோ வரும். கணக்கு எழுதும் அலுவலருக்கு இது தொல்லை. ஆகவே மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று ஒரு முழுமைக் கணக்கை ஏட்டில் வைத்துக்கொண்டனர். 360 என்பது ஆறு அறுபது. ஒரு நாளையும் 360 பகுதிகளாகப் பிரித்தனர். அப்பகுதியின் பெயர் உஷ். ஓர் உஷ் நம் கணக்கில் 4 நிமிடம். வானம் ஒருமுறை சுற்றி வர ஒரு நாள் ஆகிறது. ஆகவே ஓர் உஷ் நேரத்தில் வானம் சுற்றும் அளவு வட்டத்தின் 360இல் ஒரு பங்கு. அதுவே நாம் ஒரு பாகை என்பது. பள்ளியில் பாகைமானியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு மாணவனும் பாபிலோனியரின் ஆண்டைக் கையில் பிடிக்கிறான் எனலாம்.

கி.மு. ஏழாம் நூற்றாண்டு முதல் கி.மு. முதல் நூற்றாண்டு வரை, பாபிலோன் நகர எழுத்தர்கள் வானத்தைப் பார்த்து நாட்குறிப்பு எழுதி வந்தனர். திங்கள் எந்த விண்மீனருகே நின்றது, கோள்கள் எப்போது தோன்றின, மேகம் மறைத்ததா என்பனவற்றோடு பார்லியின் விலை, ஆற்று நீரின் மட்டம் ஆகியவற்றையும் குறித்தார்கள். தந்தைக்குப்பின் மகன், ஆசிரியருக்குப்பின் மாணவன் என்று அறுநூறு ஆண்டுகளாக இப்பணி நடந்தது. மனித வரலாற்றில் இத்தனை நீண்ட அறிவியல் பதிவு வேறு எதுவும் எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. 19 ஆண்டுகளில் 235 பிறை மாதங்கள் வருகின்றன. ஆகவே 19 ஆண்டுகளில் ஏழுமுறை ஒரு மாதத்தைக் கூட்டினால் திங்களும் ஞாயிறும் இசைந்து போகும் என்று கண்டனர். 223 மாதங்களுக்கு ஒருமுறை கிரகணங்கள் அதே வரிசையில் திரும்புவதையும் கண்டனர். பிறை மாதத்தின் சராசரி நீளத்தை 29 நாள், பிறகு அறுபதின் கூறுகளாக 31, 50, 8, 20 என்று எழுதினர். நம் தசமக் கணக்கில் இது 29.530594 நாள். இன்றைய அளவோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஏறத்தாழ அரை விநாடி! தொலைநோக்கி கிடையாது, நல்ல கடிகாரமும் கிடையாது. கண்ணும் களிமண்ணும் தலைமுறைகளின் பொறுமையும் சேர்ந்து செய்த சாதனை இது. யூதர்களின் நாட்காட்டியில் இன்றும் இதே மாத அளவு வழங்குகிறது.

எகிப்தியரின் இருபத்து நான்கு

அறுபது பாபிலோனிலிருந்து வந்தது. இருபத்து நான்கு எங்கிருந்து வந்தது? அதற்கு நாம் எகிப்துக்குச் செல்ல வேண்டும்.

எகிப்தியர் வானில் 36 விண்மீன் குழுக்களைத் தேர்ந்து வைத்திருந்தனர். பத்து நாட்களுக்கு ஒரு குழு, விடியுமுன் கீழ்வானில் புதிதாகத் தோன்றும். முப்பத்தாறு பத்து 360. அதனோடு ஐந்து நாள் சேர்த்து ஆண்டுக்கு 365 நாள் வைத்தனர். இரவில் இக்குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுவதைப் பார்த்து நேரம் அறிந்தனர். இரவில் பன்னிரண்டு குழுக்கள் கணக்கில் வந்ததால் இரவுக்குப் பன்னிரண்டு பகுதி என்று அமைந்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சவப்பெட்டி மூடிகளின் உட்புறத்தில் இந்த விண்மீன் அட்டவணைகள் எழுதப்பட்டிருக்கின்றன. இறந்தவரும் நேரம் அறிய வேண்டும் என்று நினைத்தார்கள் போலும்! பகலுக்கு நிழற்கடிகாரத்தால் பத்துப் பகுதியும், காலை மாலை மங்கற்பொழுதுகளுக்கு ஒவ்வொன்றும் சேர்த்துப் பன்னிரண்டு. ஆக ஒரு நாளுக்கு 24.

ஆனால் அந்த மணிகள் ஒரே நீளமுடையவை அல்ல. கோடையில் பகல் நீண்டால் பகல் மணியும் நீளும். இரவு மணி குறுகும். எல்லா மணியும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற வழக்கம் வானியலாரிடையே கிரேக்கர் காலத்தில்தான் உருவாயிற்று. கி.மு. 331இல் அலெக்சாந்தர் பாபிலோனைக் கைப்பற்றிய பிறகு, பாபிலோனியரின் வானியல் கிரேக்கர் கைக்கு எளிதாக எட்டியது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹிப்பார்க்கஸ் பாபிலோனிய மாத அளவைப் பயன்படுத்தினார். கி.பி. 150ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் தாலமி எழுதிய பெரு நூலில் பாகையை 60 கூறாகவும், அந்தக் கூறை மீண்டும் 60 ஆகவும் பிரித்தார். இலத்தீன் மொழியில் முதற் பகுப்பைச் ‘சிறு கூறு’ என்றும், அடுத்ததை ‘இரண்டாம் சிறு கூறு’ என்றும் வழங்கினர். ஆங்கிலத்தில் வழங்கும் மினிட், செகண்ட் என்ற சொற்கள் அங்கிருந்து பிறந்தவையே. கி.பி. 1000இல் அல்பிரூனி பிறை தோன்றும் நேரத்தை மணிக்குப் பின் அறுபது அறுபதாகப் பகுத்துக் கணக்கிட்டார். சாதாரண மனிதனின் கடிகாரத்தில் நிமிட முள் பரவியதோ, ஹைகன்சு 1656இல் ஊசல் கடிகாரம் செய்த பிறகுதான்.

மூன்று அறுபதுகள்

இனி நம் பக்கம் வருவோம். தமிழரின் காலக்கணக்கிலும் அறுபது இருக்கிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம்; இரண்டரை நாழிகை ஒரு மணி. சிறு துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டால், அது நிரம்பி மூழ்கும் நேரத்தைக் கொண்டு நாழிகை அளந்தனர். சங்க இலக்கியமாகிய முல்லைப்பாட்டு, பாசறையில் நீர்க்கடிகாரம் பார்த்து அரசனுக்குப் பொழுது அறிவிப்போரைப் பற்றிக் கூறுகிறது. நமக்கு அண்மையில் உள்ள பாலித் தீவில், துளையிட்ட தேங்காய்ச் சிரட்டை வாளி நீரில் மூழ்கும் நேரத்தைக் கொண்டு சேவற்சண்டையின் இடைவேளையை அளந்ததை ஆராய்ச்சியாளர் பதிந்துள்ளனர். சிரட்டை மூழ்க ஏறத்தாழ 21 விநாடி.

நம் ஆண்டுகளுக்கும் பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள். சீன நண்பர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று உண்டு. அப்படியானால் எல்லாம் பாபிலோனிலிருந்து வந்தவையா? இங்கேதான் நாம் நிதானமாக நடக்க வேண்டும்.

சீனரின் அறுபது எப்படி வந்தது? அவர்களுக்குப் பத்துக் குறிகள் கொண்ட ஒரு வரிசையும், பன்னிரண்டு குறிகள் கொண்ட ஒரு வரிசையும் உண்டு. இரண்டையும் சேர்த்து நடத்தினால் அறுபதாவது அடியில்தான் இரண்டும் ஒன்றாக முடியும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பொது மடங்கு அறுபது. நம் ஆண்டுச் சுற்றின் அறுபதோ வியாழனைச் சார்ந்தது. வியாழன் வானை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டு. ஐந்து சுற்றுக்கு அறுபது. சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டு. இரண்டு சுற்றுக்கு அறுபது. ஆக, பாபிலோனியர் பங்கீட்டில் கண்ட அறுபது வேறு, சீனர் வரிசையில் கண்ட அறுபது வேறு, நாம் வியாழனில் கண்ட அறுபது வேறு. ஒரே எண் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதனால் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றார் என்று சொல்லிவிட முடியாது. நாளுக்கு 60 நாழிகை என்ற பகுப்பு இந்தியாவிலேயே தோன்றியதா, மேற்கிலிருந்து வந்ததா என்பதிலும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

அப்படியானால், ஒன்று இன்னொன்றிலிருந்து வந்தது என்பதை எப்படித்தான் அறிவது? எளிதில் தற்செயலாக வரமுடியாத ஒற்றுமையைத் தேட வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு சான்றுகள் நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கின்றன.

முதற் சான்று ‘ஓரை’ என்ற சொல். சுக்கிர ஓரை, குரு ஓரை என்று பஞ்சாங்கத்தில் பார்க்கிறோம். ஒரு மணி அளவுள்ள இது, ஹோரா என்னும் கிரேக்கச் சொல் வடமொழி வழியாக வந்தது. வாரநாட்களின் வரிசையே இதில் அடங்கியிருக்கிறது. மெதுவாக நகரும் கோள் முதலாக வரிசைப்படுத்தினால் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்று வரும். ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொன்றாக இவற்றைக் கொடுத்து வாருங்கள். சனிக்கிழமை முதல் மணி சனிக்கு. இருபத்திரண்டாம் மணி மீண்டும் சனிக்கு. இருபத்து மூன்று வியாழனுக்கு, இருபத்து நான்கு செவ்வாய்க்கு. மறுநாள் முதல் மணி ஞாயிற்றுக்கு. ஆகவே அது ஞாயிற்றுக்கிழமை. அதே வகையில் எண்ணினால் அடுத்த நாள் திங்கள், அதற்கடுத்து செவ்வாய். நேயர்கள் தாளும் பென்சிலும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். எகிப்தியரின் இருபத்து நான்கு மணி இல்லாவிட்டால் இந்த வரிசை வராது.

இரண்டாம் சான்று இன்னும் வியப்பானது. 1825ஆம் ஆண்டு சென்னையில் ஜான் வாரன் என்பவர் ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். தென்னாட்டவர் காலக்கணக்கைப் பற்றிய நூல் அது. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரை அவர் கண்டார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, எழுத்தும் தாளும் இல்லாமல், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் நேர்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். கையில் ஏடே இல்லாமல்!

அவர் ஓதிய வாக்கியங்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. திங்களின் நிலையைச் சொல்லும் வாக்கியங்கள் 248. ஏன் 248? திங்கள் பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மீண்டும் அருகே வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மிகுதியும் ஆகும். ஒன்பது முறை அப்படி வந்தால் மிக நெருக்கமாக 248 நாள். இதையே இன்னும் திருத்தி, 110 முறைக்கு 3,031 நாள் என்றும் வைத்துள்ளனர். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த ‘பஞ்ச சித்தாந்திகை’யிலும் இந்த எண்கள் உள்ளன. அந்த ஐந்து சித்தாந்தங்களுள் ஒன்றின் பெயரே ரோமக சித்தாந்தம். ஒன்பது சுற்றுக்கு 248 நாள் என்ற இந்தக் கணக்கு பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருக்கிறது. 1952இல் ஓட்டோ நியூகபவர் என்னும் வரலாற்றறிஞர் ‘தமிழ் வானியல்’ என்ற கட்டுரையில் இத்தொடர்பை எடுத்துக்காட்டினார்.

பாபிலோன் நகரம் மண்மேடாயிற்று. ஆப்பெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி மறைந்தனர். அந்தப் பலகைகளை ஐரோப்பிய அறிஞர் மீண்டும் படித்து வானியற் கணக்கை வெளிப்படுத்தத் தொடங்கியது 1881இல்தான். அதற்கு ஐம்பத்தாறு ஆண்டுக்கு முன்பே, ஊசலாடும் ஒரு நூலைப்போல அந்தக் கணக்கு அறுபடாமல் ஒரு தமிழரின் நாவில் இருந்துகொண்டிருந்தது. பிழை 4 நிமிடமா, 52 நிமிடமா என்பதைவிட இதுவே பெரிய செய்தி.

கொண்டதும் கொடுத்ததும்

இதைக் கேட்டவுடன் சிலருக்கு மனம் சுருங்கலாம். “அப்படியானால் நம்முடையது எதுவும் இல்லையா?” என்று தோன்றலாம். வேறு சிலர், “எல்லாம் நம்மிடமிருந்தே போயிற்று” என்று எதிர்வாதம் செய்யலாம். இரண்டும் வேண்டுவதில்லை.

பாபிலோனியர் விட்ட குறையை முன்னே குறிப்பிட்டோம். பத்தின் அடிப்படையில் ஒன்பது இலக்கங்களும் சுழியும் கொண்டு எந்த எண்ணையும் எழுதும் முறையை உலகுக்கு வழங்கியது இந்தியா. பிரம்மகுப்தர் 628இல் சுழியை ஓர் எண்ணாகவே கொண்டு, அதைக் கூட்டவும் கழிக்கவும் விதி வகுத்தார். 662இல் சிரியா நாட்டு ஆயராகிய செவரஸ் செபோக்த் இந்தியரின் ஒன்பது குறிகளைப் புகழ்ந்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி இம்முறையை விளக்கி நூல் எழுதினார். 1202இல் இத்தாலியரான பிபோனச்சி அதனை ஐரோப்பாவில் பரப்பினார். பாபிலோனின் அதே நிலத்துக்கு, அறுபதைக் கொடுத்த நாட்டுக்கு, இந்தியா சுழியைத் திருப்பிக் கொடுத்தது எனலாம்.

இவ்வரலாற்றில் நம் தென்கிழக்காசியாவுக்கும் பங்கு உண்டு. சுழி எழுதப்பட்டு, ஆண்டும் குறிக்கப்பட்ட மிகப் பழைய கல்வெட்டுகள் இந்தப் பகுதியில்தான் கிடைத்துள்ளன. கம்போடியாவில் மீக்கோங் ஆற்றங்கரைச் சம்போரில் கிடைத்த கல்வெட்டில் சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683, இலக்கத்தில் உள்ளது. சுமாத்திராவை அடுத்த பங்கா தீவில், கோத்தா காப்பூர் கல்வெட்டு பழைய மலாய் மொழியில் சக ஆண்டு 608, அதாவது கி.பி. 686 என்று குறிக்கிறது. சுழி ஐரோப்பியரிடமிருந்தோ அரபியரிடமிருந்தோ வந்திருக்கலாம் என்று சிலர் எழுதியபோது, 1931இல் பிரெஞ்சு அறிஞர் சேடெஸ் இத்தகைய கல்வெட்டுகளைக் காட்டியே அதை மறுத்தார். வாய்ச்சொல்லால் அன்று, கல்லைக் காட்டி மறுத்தார். பெருமை பேசுவதற்கும் சான்று காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இனி நம் அன்றாடத்துக்கு வருவோம். கடிகாரத்தில் 12 மணி என்பது நண்பகல் என்றே நினைக்கிறோம். ஆனால் 1982 ஜனவரி முதல் நாள் தொட்டு, மேற்கு மலேசியாவின் நேரம் சபா, சரவாக்கோடு இணையும்படி அரை மணி முன்னே தள்ளப்பட்டது. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது டோக்கியோ நேரமே இங்கும் நேரமாக இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். இன்று நம் கடிகாரம் கிழக்கு 120 பாகைக்கு உரியது. கோலாலம்பூர் ஏறத்தாழ 101.7 பாகையில் இருக்கிறது. வேறுபாடு 18.3 பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்ற பாபிலோனியக் கணக்கைப் போடுங்கள்; 73 நிமிடம் வரும். எனவே கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.13க்கு.

இது பஞ்சாங்கம் பார்க்கும் இல்லங்களுக்கு மிகவும் வேண்டிய செய்தி. சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரமோ கிரகண நேரமோ இந்திய நேரத்தில் இருக்கும். நாம் அதனோடு இரண்டரை மணி கூட்ட வேண்டும். சூரிய உதயத்திலிருந்து எண்ணும் கணக்குக்கோ அப்படிக் கூட்டலாகாது. திங்கட்கிழமை இராகு காலம் 7.30 முதல் 9 வரை என்பது, சூரியன் 6 மணிக்கு எழுவதாக வைத்துப் பகலை எட்டாக வகுத்த கணக்கு. இங்கே சூரியன் எழுவதே ஏறத்தாழ 7 மணிக்கு. ஆகவே உதயத்திலிருந்து ஒன்றரை மணி தள்ளித்தான் அது தொடங்க வேண்டும். அதை நம்புவோர், நம்பாதோர் யாராயினும் கணக்கு கணக்குத்தானே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று ஆண்டுதோறும் சில வீடுகளிலும் கோயில்களிலும் வாதம் எழுகிறது. புதுச்சேரிக் கணிதர் ஓதிய பழைய வாக்கியங்களின் வழி வந்தது முன்னது. இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு திருத்தியது பின்னது. அதனால்தான் இரண்டும் சில வேளைகளில் சில மணி நேரம் மாறுபடுகின்றன. எதைக் கொள்வது என்பது அவரவர் மரபு. ஆனால் ஒன்றை மறவாதிருப்போம். அந்த வாக்கியங்களை முதலில் ஆக்கியவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்து ஆக்கினார்கள். பாபிலோனிய எழுத்தர் 600 ஆண்டு பார்த்தார், பார்த்ததைத் திருத்தினார். வராகமிகிரர் ஐந்து சித்தாந்தங்களையும் ஒப்பிட்டு, எது கண்ணால் காண்பதோடு பொருந்துகிறது என்று எடை போட்டார். பார்ப்பதும் திருத்துவதுமே அவர்களுடைய மரபு.

இன்று ஒரு விநாடி என்பது சீசியம் அணுவின் அதிர்வைக் கொண்டு 1967இல் வரையறுக்கப்பட்டது. வானத்தையே பார்க்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த விநாடியின் நீளம், ஒரு நாளை 24ஆல், பிறகு 60ஆல், பிறகு மீண்டும் 60ஆல் வகுத்து வந்த பழைய அளவையே பின்பற்றுகிறது. நம் கைக்கடிகாரத்தை ஒருமுறை பாருங்கள். அதில் இருபத்து நான்கு எகிப்தியருடையது. அறுபது பாபிலோனியருடையது. எண்ணைக் காட்டும் இலக்கங்கள் இந்தியருடையவை. நாம் யாரிடமிருந்து எதைப் பெற்றோம் என்று நேர்மையாகச் சொல்வதால் நம் பெருமை குறைவதில்லை. நாம் கொடுத்ததைப் பிறர் நேர்மையாக ஒப்புக்கொள்ள அதுவே வழி செய்யும். இனி ஒரு மணிக்கு ஏன் அறுபது நிமிடம் என்று பிள்ளைகள் கேட்டால், அந்தக் களிமண் பலகையிலிருந்து கதையைத் தொடங்குவோம்.